வெள்ளப் பாட்டின் வேகம் என்னுடையது

கொழும்பில், கொட்டாஞ்சேனையில், பாட்டுகளைக் கசெட்டில் ஏற்றி விற்கிற ஒரு ரெக்கோர்டிங் பார் கட்டினேன். அது எரிந்த பிறகு வெள்ளவத்தையில் இன்னொன்று கட்டினேன். அதன் தலையில் ஒரு மாடி எழுப்பினேன். அந்த மாடியில் இன்று நான் இருக்கிறேன், கீழே போனுக்கு உறை விற்கிறவன் வாடகைக்கு இருக்கிறான். பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், எல்லோரும் வெளிநாட்டில். ஆங்கிலம் ஒரு வரி தெரியாத லொறிக்காரனுக்கும் மூட்டைக்காரனுக்கும் ஆங்கிலப் பாட்டுக் கேட்கிற காதைக் கட்டிக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எனக்கு ஒருவனும் கைகொடுக்கவில்லை. கைகொடுத்ததாக இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எல்லோரும் அப்போது என் கடை வாசலில் நின்று ஓசியில் பாட்டுக் கேட்டவர்கள்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை என்று தொடங்குவது படித்தவர்களின் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். கோபத்துக்காகவும் எழுதுகிறேன். கொஞ்சக் காலமாக இந்த நகரத்தில் ‘கொழும்பு புளூஸ்’ என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. ஓர் இசைத்தட்டு வரப்போகிறது, பழையபடி கறுப்புத் தட்டாகவே. அதற்குள் ஒரு சின்னப் புத்தகமும் வைக்கிறார்கள். கொழும்புக்காரர் மட்டும் ஏன் புளூஸை வேறெங்கும் இல்லாத ஒரு வேகத்தில், கொஞ்சம் ஏற்றிய சுருதியில் வாசிக்கிறார்கள் என்று அந்தப் புத்தகம் விளக்குகிறது. அச்சுக்கு முந்திய பிரதியைத் தெரிந்தவர்கள் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் பலருடைய பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. அந்த வேகத்தையும் சுருதியையும் உண்டாக்கியவன் நான். புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதனால்தான் இந்த அவசரம்.

புளூஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கறுப்பு மக்கள் பருத்தித் தோட்டங்களிலும் ஆற்றங்கரைகளிலும் பாடி வளர்த்த பாட்டு. அதன் சொற்கள் எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்காது. விளங்கத் தேவையில்லை. போலீஸில் முறைப்பாடு சொல்லப் போனவனைப் பார்த்திருப்பீர்கள். நடந்ததை ஒரு தரம் சொல்வான். எழுதுகிறவர் தலை நிமிர மாட்டார். அதையே இன்னொரு தரம் சொல்வான். மூன்றாம் தரம்தான் அடிவயிற்றிலிருந்து உள்ள விஷயம் வெளியே வரும். புளூஸ் பாடுகிறவனும் அப்படித்தான்: ஒரு வரி, அதே வரி திரும்ப, பிறகு மூன்றாவதாக உண்மையான வரி. இடையில் கிட்டார் ‘ம், பிறகு?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும். இவ்வளவுதான். இதை விளக்க, அந்தப் புத்தகத்தை எழுதுகிற கலாநிதி கடல் கடந்து போய் டாக்டர் பட்டம் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கு அது வந்தது ஒரு கப்பல் சமையற்காரனிடமிருந்து. கொட்டாஞ்சேனையில் நான் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த காலம். துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் சமையற்காரன், ஆள் கறுப்பு, கதவை நிறைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, பழுதான ஒரு ரெக்கோர்ட் பிளேயரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். திருத்திக் கொடுத்தேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க அவன் தன் பெட்டியிலிருந்து ஒரு தட்டைப் போட்டான். கிழட்டுக் குரல் ஒன்று பாடியது. கிட்டார்க் கம்பியை எதையோ வைத்து இழுத்தார்கள். போத்தல் கழுத்து என்று பிறகுதான் தெரிந்தது. எனக்குக் கையில் இருந்த குறடு கீழே விழவில்லை, கண்ணீர் வரவில்லை, அப்படியெல்லாம் எழுத மாட்டேன். இது விற்கும் என்று நினைத்தேன். திருத்துக் கூலி வேண்டாம், அந்தத் தட்டுகளில் பாதியைத் தா என்று கையாலேயே காட்டிக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டுக் கொடுத்தான்.

ரெக்கோர்டிங் பார் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆட்கள் வெறும் கசெட்டைக் கொண்டுவருவார்கள், அல்லது எங்களிடம் வாங்குவார்கள். வேண்டிய பாட்டுகளை நாங்கள் அதில் ஏற்றிக் கொடுப்போம். கொழும்பில் எல்லாச் சந்தியிலும் ஒன்று இருந்தது. எல்லோரும் ஏற்றினார்கள், ஆனால் ஒருவனும் ஒழுங்காக ஏற்றவில்லை. கசெட்டின் ஒரு பக்கம் முடிகிற இடத்தில்தான் தொழில் இருக்கிறது. கடைசிப் பாட்டு முழுதாக ஏறாவிட்டால் நாடா முடிந்து டக்கென்று நின்றுவிடும், பாட்டின் வால் வெட்டுப்பட்டுப் போகும். அந்தப் பாட்டே வேண்டாம் என்று விட்டால் கடைசியில் வெறும் நாடா ஓடும். வாடிக்கையாளனுக்கு இரண்டும் பிடிக்காது. வால் வெட்டினால் ஏமாற்றுக்காரன் என்பான், வெறும் நாடா ஓடினால் கள்ளன் என்பான். மற்றக் கடைக்காரர் ஏச்சு வாங்கிக்கொண்டே வியாபாரம் செய்தார்கள். எனக்கு ஏச்சு வாங்கிப் பழக்கமில்லை.

தட்டு சுழல்கிற மேடையின் அடியில் ஒரு சிறிய திருகு உண்டு. அதைத் திருகினால் தட்டு கொஞ்சம் வேகமாகச் சுற்றும். பாட்டு சீக்கிரம் முடியும், நாடாவில் இடம் மிஞ்சும். குரலும் கிட்டாரும் சுருதியில் ஒரு படி மேலே ஏறி நிற்கும். கண்மூடித்தனமாகத் திருகினால் பாடுகிறவன் எலி மாதிரிக் கத்துவான். அப்படி நாசமாக்கினவர்களும் இருந்தார்கள். நான் காதை வைத்துத் திருகினேன். மெதுவாக அழுகிற பாட்டில் கை வைக்கவில்லை. கால் தட்ட வைக்கிற பாட்டுகளை மட்டும் வேகம் ஏற்றினேன், அதுவும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவாக. ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிந்து, ஒரு மூச்சு விட்டு, நாடா நிற்கும். அந்தக் கசெட்டைக் கையில் வாங்கினவனுக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் வேலை சுத்தம்.

சமையற்காரனின் தட்டுகளில் இருந்து நான் ஒரு கசெட் செய்தேன். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று வாரக் கணக்காக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துச் செய்தது. முதல் பக்கத்தின் கடைசியில் வெள்ளத்தில் வீடு போனவனின் பாட்டை வைத்தேன். தண்ணீர் ஏறுகிறது, ஏறுகிறது என்று சொல்கிற பாட்டு என்று தட்டைத் தந்தவன் கையை இடுப்பில், நெஞ்சில், கழுத்தில் வைத்துக் காட்டியிருந்தான். அழுதாலும் கால் தட்ட வைக்கிற பாட்டு; அதன் வேகத்தைத்தான் எல்லாவற்றையும் விட அதிகம் ஏற்றினேன். அதுவரை அந்த மாதிரிப் பாட்டுக் கேட்காத ஊர் இது. ‘அந்த அழுகை இங்கிலீஷ் இருக்கா?’ என்று கேட்டு வந்தார்கள். களனி கங்கை பெருகும்போதெல்லாம் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆற்றோரக் கிராண்ட்பாஸ்காரர்களுக்கு அந்த வெள்ளப் பாட்டை யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. தண்ணீர் வடிந்து சேறு கழுவும்போது வீட்டுக்கு வீடு அதைப் போட்டுக்கொண்டு கழுவினார்கள்.

கிட்டார் பழகிய இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கசெட்டோடு சேர்ந்து வாசித்தால்தானே பழகலாம்? சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் கம்பியை என் கசெட்டின் சுருதிக்கு முறுக்கியாக வேண்டும். முறுக்கினார்கள். கம்பி அறுந்தது. வேறு கம்பி போட்டு மறுபடி முறுக்கினார்கள். இப்படித்தான் கொழும்புக் கிட்டார்க்காரரின் கை உயர்ந்த சுருதிக்குப் பழகியது. இதில் கடல் காற்றும் இல்லை, கவலையும் இல்லை, கலாநிதி எழுதியிருக்கிற மண்ணாங்கட்டியும் இல்லை.

பிறகு, தமிழர் கடைகளைத் தேடி எரித்த கலவரத்தில் என் கடையும் எரிந்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுத வரவில்லை. தட்டுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டித் தார் மாதிரிக் கிடந்தன என்பது மட்டும் போதும். மற்றவர்கள் அகதி முகாமில் என்ன சாப்பாடு என்று விசாரித்துக்கொண்டிருக்க, நான் என் சரக்கு எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். என் சரக்கு என் கடையில் மட்டுமா இருந்தது? நான் செய்து விற்ற கசெட்டுகள் ஊர் முழுக்க வீடுகளில் இருந்தன. நிலைமை கொஞ்சம் அடங்கியதும் வாடிக்கையாளர் வீடுகளின் கதவுகளைத் தட்டினேன். சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர், எஞ்சியிருந்த தமிழர். நான் உங்களுக்கு விற்றதை ஒரு நாளைக்குத் திருப்பித் தாருங்கள், பிரதி எடுத்துக்கொண்டு தருகிறேன் என்று கேட்டேன். இப்படி என் கடையை நான் என் வாடிக்கையாளரின் அலுமாரிகளிலிருந்து திரும்பக் கட்டினேன். வெள்ளவத்தைக் கடை அப்படி எழும்பியது. வேறு எவனாவது இப்படிச் செய்தானா, சொல்லுங்கள் பார்ப்போம்.

வெள்ளப் பாட்டுக் கசெட்டை எனக்குத் திருப்பித் தந்தவர் கிராண்ட்பாஸில் இருந்த ஒரு கிட்டார்க்காரர். ஹோட்டல்களில் வாசித்துப் பிழைத்த முஸ்லிம் ஆள். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூப்பு, அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நானா என்றுதான் கூப்பிடுவேன். என் கடையில் உட்கார்ந்து, என் கசெட்டுக்குக் கம்பி முறுக்கி, என் தேநீரைக் குடித்துப் பழகியவர். இவரை மறக்க வேண்டாம்.

தட்டு எரிந்துவிட்டதால் அதன் பிறகு கொழும்பில் அந்தப் பாட்டுக்கு என் வேகம் மட்டுமே இருந்தது. அசல் வேகத்தை நானே பல வருடம் கேட்கவில்லை. கசெட் செத்து, சீடி வந்து, அதுவும் செத்து, எல்லாம் போனுக்குள் போன பிறகு, ஒரு நாள் மகள் அனுப்பிய போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்தேன். பாடியவர் காய்ச்சலில் படுத்துக்கொண்டு பாடுவது போல இருந்தது. போன் பழுது என்று நினைத்துக் கீழே உறை விற்கிறவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழுதில்லை, பாட்டே அப்படித்தான் என்றான். பாடியவர் பெரிய ஆள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பாடியது அவருடைய ஆற்றுக்கு. எங்கள் ஆறு வேகமாக வரும்.

போன் வந்த பிறகு புதிது பழையது என்று எல்லாம் கேட்டுவிட்டேன். என்னிடம் யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பழையதில், ஓர் ஆள் ஒரு கிட்டார் என்று இருக்கிற பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். பின்னால் கதிரை கிறீச்சிடுவதும் கால் தட்டுவதும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது கழுவித் துடைத்த பதிவு. மவுத் ஓர்கன் வாசிக்கிறவன் ரயில் மாதிரி ஊதினால் விட்டுவிடுங்கள், எல்லோரும் ரயில் ஊதுவார்கள்; குழந்தை வீரிடுவது மாதிரி ஊதுகிறவனைப் பிடியுங்கள். வயது போன பெண்கள் பாடியதில் கெட்டது என்று ஒன்று இல்லை. புதியதில், சகாரா பாலைவனத்தில் தலைப்பாகை கட்டியவர்கள் சிலர் வாசிக்கிறார்கள். ஒட்டகம் நடக்கிற மாதிரி ஒரே இடத்தில் சுற்றும், ஆனால் விடாது. அமெரிக்காவில் அந்தப் பழைய ஆற்றுப் பக்கத்திலிருந்தே வந்த தடித்த இளைஞன் ஒருவன் இருக்கிறான், அவனுக்குக் கை இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. வயது போனால் திருந்துவான். மற்றப்படி இப்போது புளூஸ் என்று விற்பதில் முக்கால்வாசி விரல் ஓட்டப்பந்தயம். யார் முதலில் ஓடி முடித்தான் என்று கைதட்டுகிறார்கள். இங்கே ஹோட்டல்களில் வெள்ளைக்காரர் இறால் தின்னும்போது பின்னால் வாசிக்கிறார்களே, அதைப் பற்றி எழுத என் கையை அசிங்கப்படுத்த மாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் என் சுவரில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கிழிக்கப் போனேன். ‘கொழும்பு புளூஸ்: ஒரு கலந்துரையாடல்’ என்று இருந்ததால் விட்டேன். வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். போனேன். மேடையில் கலாநிதி இருந்தார், நல்ல சேர்ட், நாலு வார்த்தைக்கு ஒரு தரம் கண்ணாடியைக் கழற்றுகிற ஆள். பக்கத்தில் கல்கிசையில் இருக்கிற ஓர் இளம் பெண். யாழ்ப்பாணக் குடும்பம், அலுவலக வேலை, மாலையில் பாட்டு. புது இசைத்தட்டில் பாடுகிறவள் அவள்தான். மூன்றாவது கதிரையில் என் நானா, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு.

அந்தப் பெண் பாடினாள். வெள்ளப் பாட்டு. என் வேகத்தில், என் சுருதியில், மயிரிழை பிசகாமல். நானா கிட்டார் வாசித்தார். இரண்டு பேரும் நன்றாகச் செய்தார்கள், நான் பொய் சொல்ல மாட்டேன். பாடி முடிந்ததும் கலாநிதி, இந்த உயர்ந்த சுருதி எங்கிருந்து வந்தது என்று நானாவிடம் கேட்டார். நானா மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் தனக்கே அப்படித் தோன்றியது, தான்தான் கம்பியை ஏற்றிப் பார்த்தது, பிறகு மற்றவர்கள் தன்னைப் பார்த்துப் பழகினார்கள் என்று சொன்னார். மண்டபம் கைதட்டியது. நான் எழும்பினேன். கேள்வி நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு பெண் பிள்ளை சிரித்துக்கொண்டே என்னை உட்கார வைத்தாள். தேநீருக்கு எல்லோரும் வெளியே போனபோது நானா பின்கதவால் போய்விட்டார்.

மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். காலில் சீழ் பிடித்து களுபோவில ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்றார்கள். நோயாளியோடு சண்டைக்குப் போகலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கால்தானே, வாய் நன்றாக இருக்கும் என்று தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

என்னைக் கண்டதும் தலையணையைச் சரி செய்துகொண்டார்.

“வாங்க மச்சான். ஒங்கட மொகத்தப் பாத்தா சொகம் விசாரிக்க வந்த மாதிரி தெரியல்லயே.”

“நானா, கம்பிய நீங்களா ஏத்தினீங்க?”

“பின்ன? ஒங்கட விரலா முறுக்கின?”

“என் கசெட்டுக்குத்தானே முறுக்குனீங்க. என் கடையில, என் பெஞ்சில உக்காந்து.”

அவர் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தார். அந்த ஆள் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நானா குரலைத் தாழ்த்தினார். தான் வாழ்நாள் முழுக்க ஹோட்டலில் மற்றவன் பாட்டை வாசித்த ஆள் என்றார். இந்த வயதில் முதல் தடவையாக ஒருவர் மேடையில் உட்கார வைத்து, உன் சொந்தம் என்ன என்று கேட்கிறார். கசெட் கடையில் பழகினேன் என்று சொன்னால் அதோடு கதை முடிந்தது என்றார். அவருடைய நியாயம் எனக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம் கூடியது.

என் பெயரைத் தின்றுதானா உங்கள் பெயர் வளர வேண்டும் என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் வாயாலேயே ஓர் அடி அடித்தார்.

“ஒங்கட கட எரிஞ்சி கரியான நேரம் என்ட வீட்டுக் கதவத்தானே தட்டின? அந்தக் கசெட்ட தந்தது நான். நான் தராட்டி ஒங்களுக்கு அந்தப் பாட்டே இல்ல. இப்ப செல்லுங்க, அது யார்ட கசெட்?”

“நான் செஞ்சத எனக்கே ஒரு நாளைக்குத் தந்தீங்க. அலுமாரிக்குள்ள வச்சிருந்தவன் எல்லாம் செஞ்சவனாயிடுவானா?”

“அலுமாரில வச்சிருந்தவனாலதான் அது எரியல்ல.”

தாதி வந்து சிங்களத்தில் அதட்டினாள். சத்தம் போடுவதாக இருந்தால் இரண்டு பேருக்கும் ஊசி போடுவேன் என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடியபடியே சிரித்தார். நான் எழும்பினேன். கொண்டுபோன தோடம்பழத்தை வைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நானே உரித்துத் தின்றேன். புளிப்பு.

நானா போனால் போகட்டும், புத்தகம் எழுதுகிறவரையே பிடிப்போம் என்று கலாநிதியைத் தேடினேன். இசைத்தட்டை ஒலிப்பதிவு செய்கிற அறை என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளிக் கடல் பக்கம்தான் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் பதிவை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான் போன நேரமும் ரயில் போய்க்கொண்டிருந்தது, அதனால் உள்ளே விட்டார்கள். கலாநிதியும் அந்தப் பெண்ணும் இருந்தார்கள். நான் யார், எந்தக் கடை, திருகை எப்படித் திருகினேன் என்று முழுவதும் சொன்னேன். கலாநிதி ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அந்தப் பாட்டு ஏதோ ஒரு கசெட்டில் வேகமாக ஏறியதால்தான் இப்படி வந்தது என்று கம்ப்யூட்டரில் அளந்து ஏற்கெனவே அவருக்குத் தெரியுமாம். தெரிந்துகொண்டுதான் நானாவை மேடையில் அப்படிப் பேச விட்டிருக்கிறார்.

“தெரிஞ்சா ஏன் எழுதல்ல?” என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஐயா, அது ஒரு தொழில்நுட்பப் பிழை. பிழைக்கு ஆருடைய பேரும் போடுற வழக்கம் இல்லை. அதை இசையாக்கினது வாசிச்ச ஆக்கள்.”

“பிழை எண்டா ஏன் திருத்தாம பாடுறீங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அவளுடைய தகப்பன் வைத்திருந்த கசெட்டில்தான் அவள் அந்தப் பாட்டைப் பழகினாளாம். கலாநிதி அசல் வேகத்திலும் ஒரு தரம் பாடிப் பார்க்கச் சொன்னாராம், ஒரு மாலை முழுக்க முயன்றார்களாம்.

“எனக்கு வரேல்ல அங்கிள். மெதுவாப் பாடினா, தண்ணி வடிஞ்சாப்பிறகு பாடுற மாதிரி இருக்கு. உங்கட வேகத்திலதான் தண்ணி ஏறுது.”

உங்கட வேகம். அவள் வாயால் வந்த சொல் அது. நான் கலாநிதியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இப்போது உண்மையான காரணத்தைச் சொன்னார். என் கடை சட்டப்படி களவு. உரிமை இல்லாத பாட்டை நாடாவில் அடித்து விற்ற கடை. வெளிநாட்டில் விற்கப்போகிற தட்டில் அப்படி ஒரு கடையின் பெயரைப் போட்டால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள். இதைச் சொல்லும்போது ஐயா, ஐயா என்றுதான் சொன்னார். மரியாதையில் குறை வைக்கவில்லை.

“களவு எண்டா, அந்தக் களவில பழகினவங்கள மட்டும் ஏன் மேடையில ஏத்தினீங்க? கள்ளன் சமைச்ச சோறு எண்டு தெரிஞ்சுதானே எல்லாரும் கோப்பையோட நிக்கிறீங்க.”

மறுபடி ஒரு ரயில் வந்தது. ரயில் போன பிறகு கலாநிதி ஒரு வழி சொன்னார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘கொழும்பின் பழைய ரெக்கோர்டிங் பார் உரிமையாளர்களுக்கும் நன்றி’ என்று ஒரு வரி சேர்க்கலாமாம். பெயர் இல்லாமல். எல்லோருக்கும் பொதுவாக. எந்த உரிமையாளர்கள் என்று கேட்டேன். நான் திருகு பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் சினிமாப் பாட்டின் வாலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு என் நன்றியில் பங்கு கொடுக்க நான் தர்மகர்த்தா இல்லை. வேண்டாம் என்றேன். அந்தப் பெண்ணிடம், பிள்ளை, இது உன் பாட்டு, நீ சொன்னால் செய்வார், இப்போது சொல்லு என்றேன். அவள் கலாநிதியைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள்.

“நான் கதைச்சுப் பாக்கிறன் அங்கிள்” என்றாள்.

கொழும்பில் ஐம்பது வருடம் வியாபாரம் செய்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியும். நான் வெளியே வந்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு தரம் அவளுக்குப் போன் எடுத்தேன். மீட்டிங்கில் இருக்கிறாளாம்.

பத்திரிகையில் ஒருவரைப் பிடித்துச் சொல்லிப் பார்க்கலாம் என்றார்கள் தெரிந்தவர்கள். வக்கீலிடம் போ என்றான் போன் உறைக்காரன். வக்கீலிடம் போய் என்ன சொல்வது? நான் களவாக ஏற்றிய பாட்டின் வேகத்தைக் களவெடுத்துவிட்டார்கள் என்றா? கலாநிதி அங்கே என்னை மடக்கிவிட்டார், அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சட்டத்தை விட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். இதை வாசிக்கிற நீங்கள் அந்தத் தட்டை வாங்குங்கள். கேட்க வேண்டிய தட்டுத்தான். அந்தப் பெண்ணின் குரலில் பொய் இல்லை. நானாவின் கிட்டாரில் அவருடைய வாயில் இருக்கிற பொய்யும் இல்லை. வெள்ளப் பாட்டில் அவர் இரண்டாவது வரிக்குப் பதில் சொல்கிற இடத்தில் எனக்கே எழும்பி நிற்கத் தோன்றியது. நல்லது நல்லதுதான். ஆனால் அது எவனுடைய வேகத்தில் நல்லதாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

கலாநிதி அவர்களுக்கும், இசைத்தட்டை வெளியிடுகிறவர்களுக்கும் நான் சொல்வது இது. கடைசிப் பக்கத்து நன்றி எனக்கு வேண்டாம். மேடை வேண்டாம், மாலை வேண்டாம், கலந்துரையாடலில் கதிரை வேண்டாம். தட்டின் பின் அட்டையில் குரல் என்று போட்டு அந்தப் பெண்ணின் பெயரை எழுதப்போகிறீர்கள். கிட்டார் என்று போட்டு நானாவின் பெயரை எழுதப்போகிறீர்கள். அதன் கீழே, அதே எழுத்தில், அதே அளவில், வேகம் என்று போட்டு என் பெயரை எழுதுங்கள்.